குழந்தைத் துணி, சோப்பு, தண்ணீர்: எந்தக் கோளாறுக்கு எங்கே பார்ப்பது

பச்சிளம் குழந்தையின் கழுத்திலோ தொடையிலோ சிவப்பாக ஏதாவது தெரிந்தால், வீட்டில் முதல் பழி துணி சோப்பின் மேல்தான் விழும். இருக்கிற சோப்புக் கட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு, 'பேபி' என்று எழுதிய இன்னொன்றை வாங்குவோம். இல்லாவிட்டால் வீட்டிலேயே சோப்பு காய்ச்சக் கிளம்புவோம். "அக்கா, சோப்ப மாத்திட்டேன், இன்னும் போகல" என்று புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்தும் கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்தும் கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்தத் தண்ணீரில் துவைக்கிறீர்கள், எத்தனை தண்ணீரில் அலசுகிறீர்கள்?

சோப்பு என்பது எண்ணெயும் காரமும் சேர்ந்து உண்டாகும் ஓர் உப்பு. தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் நிறைய இருந்தால், சோப்பு அவற்றோடு சேர்ந்து கரையாத வெள்ளைப் பிசுக்காக மாறிவிடும். வாளி விளிம்பில் சாம்பல் வளையமாக ஒட்டுவது அதுதான். அதே பிசுக்கு துணியின் இழைக்குள்ளும் போய் உட்காரும். குடிநீருக்கான இந்தியத் தர அளவு, ஐ.எஸ். 10500:2012, ஏற்கத்தக்க கடினத்தன்மையாகச் சொல்வது லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை விடலாம் என்கிறது. குடிப்பதற்கு அந்த 600 அனுமதிக்கப்பட்டது என்றாலும், சோப்புப் போட்டுத் துவைப்பதற்கு மிக மோசமான தண்ணீர் அது. கடலோரப் போர்வெல்களில் இதோடு உப்பும் சேர்ந்துகொள்கிறது. ஆகவே எந்தச் சோப்பு நல்லது என்ற கேள்விக்கு உங்கள் வீட்டுத் தண்ணீரைத் தெரிந்துகொள்ளாமல் என்னால் பதில் சொல்ல முடியாது.

கீழே உள்ளதை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் தெரிகிற அறிகுறி எதுவோ அங்கே போகலாம். ஆனால் மூன்று சோதனைகளை மட்டும் முதலில் செய்துவிடுங்கள்.

முதலில் மூன்று சோதனைகள்

பாட்டில் சோதனை: ஒரு தண்ணீர் பாட்டிலில் பாதி அளவு, நீங்கள் துவைக்கும் தண்ணீரை ஊற்றுங்கள். உறையில் 'டாய்லெட் சோப்' என்று எழுதியிருக்கும் ஏதாவது ஒரு குளியல் சோப்பைச் சீவி, மிளகு அளவு போட்டு நன்றாகக் குலுக்குங்கள். மேலே நுரை நின்று கீழே தண்ணீர் தெளிவாக இருந்தால் மென்னீர். நுரை சட்டென்று அடங்கி, தண்ணீர் பால்போல் கலங்கினால் கடினநீர். டிடர்ஜென்ட் பவுடரைப் போட்டு இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். அது கடினநீரிலும் நுரைக்கும், ஒன்றும் தெரியாது. எண்ணாகத் தெரிய வேண்டுமென்றால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்துச் சோதிக்கலாம். ஆர்.ஓ. மெக்கானிக் கையில் வைத்திருக்கும் டி.டி.எஸ். மீட்டர் மொத்த உப்பை மட்டுமே காட்டும். அதில் கடினத்தன்மை எவ்வளவு என்று அதற்குத் தெரியாது.

வாளி சோதனை: துவைத்துக் காய்ந்து மடித்து வைத்த குழந்தைத் துணியிலிருந்து இரண்டு மூன்றை எடுத்து, சோப்பு எதுவும் போடாமல் வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் போட்டு ஐந்து நிமிடம் பிசையுங்கள். நுரை கட்டினாலோ தண்ணீர் வழுவழுப்பாகக் கலங்கினாலோ துணியில் பழைய சோப்பு தங்கியிருக்கிறது.

மஞ்சள் சோதனை: மஞ்சள் தூளைத் துளி நீரில் குழைத்து வெள்ளைத் தாளில் பூசிக் காயவையுங்கள். கடைசி அலசல் தண்ணீரை அதில் ஒரு சொட்டு விடுங்கள். பக்கத்திலேயே குழாயிலிருந்து நேராகப் பிடித்த தண்ணீரிலும் ஒரு சொட்டு. அலசல் தண்ணீர் விட்ட இடம் மட்டும் சிவந்தால் காரம் இன்னும் போகவில்லை, இன்னொரு முறை அலச வேண்டும். இரண்டும் ஒரே நிறத்தில் இருந்தால் போதும்.

தோலில் சிவப்பு, தடிப்பு

சிவப்பு எங்கே இருக்கிறது என்பதுதான் முதல் துப்பு.

துணியே படாத நெற்றி, கன்னம், தலையில் இருந்தால் துணி சோப்பைச் சந்தேகிக்கக் காரணம் குறைவு. நம் ஊர் சித்திரை, வைகாசிப் புழுக்கத்தில் கழுத்து மடிப்பிலும் நெற்றியிலும் முதுகிலும் பொடிப்பொடியாக வருவது பெரும்பாலும் வேர்க்குரு. மெல்லிய பருத்தித் துணி, காற்று, ஈரமில்லாத கழுத்து இவைதான் அதற்கு மருந்து. பிறந்த முதல் சில நாட்களில் சிவந்த திட்டுகள் வந்து, இடம் மாறி, தானே மறைவதும் உண்டு. அதற்கும் சோப்புக்கும் தொடர்பில்லை.

லங்கோடு கட்டும் இடத்தில் மட்டும் இருந்தால், தொடை மடிப்புக்கு உள்ளே பாருங்கள். மேடான இடங்கள் சிவந்து மடிப்புகள் தப்பியிருந்தால், ஈரமும் மலமும் பட்டு வந்த எரிச்சலாக இருக்க வாய்ப்பு அதிகம். அடிக்கடி மாற்றுவதும் காற்றாட விடுவதும் முதல் வேலை. சோப்புப் பிசுக்கு அதை மோசமாக்கும், அதனால் வாளி சோதனையையும் செய்யுங்கள். மடிப்புக்குள்ளேயே அடர்ந்து சிவந்து, சுற்றிலும் சின்னப் புள்ளிகள் தெறித்தது போல இருந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். சோப்பை எத்தனை முறை மாற்றினாலும் அது போகாது, மருத்துவர் தரும் களிம்பு வேண்டும்.

சட்டையின் கழுத்துப் பட்டி, அக்குள், இடுப்பு எலாஸ்டிக், தூளிப் புடவை உரசும் முதுகு என்று துணி இறுக்கிப் பிடிக்கும் இடங்களில் மட்டும் சிவந்திருந்தால்தான் சோப்பைப் பிடிக்க வேண்டும். அப்போதும் உடனே புது சோப்பு வாங்காதீர்கள். இருக்கிற துணி எல்லாவற்றையும் சோப்பில்லாமல் வெதுவெதுப்பான மென்னீரில் இரண்டு முறை அலசி, வெயிலில் காயவைத்து, ஒரு வாரம் பாருங்கள். அந்த வாரத்தில் சோப்பு, குளிப்பாட்டும் மாவு, தடவும் எண்ணெய் என்று எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாமலே போய்விடும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

சீழ்க் கொப்புளம், தோல் உரிதல், தடிப்போடு காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது இவற்றில் எது இருந்தாலும் துவைப்பதைப் பற்றி யோசிக்க வேண்டாம், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்குக் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலே காத்திருக்கக் கூடாது. புதுச்சேரியில் எல்லைப்பிள்ளைச்சாவடி அரசு மகளிர் குழந்தைகள் மருத்துவமனை, ஜிப்மர்; கடலூரில் மஞ்சக்குப்பம் அரசு தலைமை மருத்துவமனை.

அலச அலச நுரை வந்துகொண்டே இருக்கிறது

பவுடர் அதிகம். பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவு பெரியவர்களின் அழுக்குத் துணிக்கானது. பால் வாடையும் சிறுநீரும் பட்ட குழந்தைத் துணிக்கு அதில் பாதியும் வேண்டாம். மெஷினில் போடுகிறவர்கள் கூடுதல் அலசல் பொத்தானை அழுத்துங்கள், பவுடர் போடும் இழுப்பறையைக் கழற்றிக் கழுவுங்கள். பெரியவர் துணிக்குப் போட்ட வாசனைப் பவுடர் அங்கே கட்டிதட்டிக் கிடந்து அடுத்த சுற்றில் குழந்தைத் துணியில் இறங்கும்.

துணி விறைத்து, வெள்ளை மங்கிச் சாம்பல் பூக்கிறது

இது கடினநீரும் சோப்பும் சேர்ந்த வேலை. நம் பகுதியில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பாட்டில் சோதனையில் தண்ணீர் கலங்கியதா? அப்படியானால் 'இயற்கை', 'கையால் செய்தது', 'தேங்காய் எண்ணெய் மட்டும்' என்று எவ்வளவு நல்ல சோப்பு வாங்கினாலும் துணியில் பிசுக்குத்தான் சேரும். சோப்பு சுத்தமாக இருக்கலாம், இந்தத் தண்ணீரில் அது அழுக்காக மாறுகிறது. பிசுக்கு ஏறிய துணி தண்ணீரையும் உறிஞ்சாது. லங்கோடு ஈரத்தை இழுக்காமல் தோலிலேயே தேக்கி வைக்கும், அதனால் எரிச்சல் இன்னும் கூடும்.

வழிகள் மூன்று. முதலாவது, தண்ணீரை மாற்றுவது. எல்லாத் துணிக்கும் வேண்டாம், குழந்தையின் துணிக்கு மட்டும் ஒரு வாளி நல்ல தண்ணீர் தேடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மாடியில் பிடிக்கும் மழைத் தண்ணீரைவிட மென்மையான தண்ணீர் கிடைக்காது. முதல் மழையை ஓட விட்டுவிட்டு, அடுத்ததைத் துணியால் வடிகட்டிப் பிடியுங்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அந்தக் குழாயின் வாயில் ஒரு டிரம்மை வைத்தால் போதும். மழை இல்லாத நாட்களில் நகராட்சிக் குழாய் தண்ணீரையும் போர்வெல் தண்ணீரையும் தனித்தனியாகச் சோதித்து, எது மென்மையோ அதைக் குழந்தைக்கு ஒதுக்குங்கள். ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் கழிவு நீரை மட்டும் இதற்குப் பிடிக்காதீர்கள். வீணாகிறதே என்று பலர் அதில்தான் துணி அலசுகிறார்கள். குடிநீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது. அதை மாப் போடவும் கழிவறைக்கும் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, இருக்கும் தண்ணீரைப் பதப்படுத்துவது. கொதிக்க வைத்து ஆறவிட்டு, அடியில் படிந்த வெள்ளையை விட்டுவிட்டு மேல்நீரை எடுத்தால் கடினத்தன்மையில் ஒரு பகுதி குறையும். முழுவதும் போகாது. இன்னொன்று, வாஷிங் சோடா. இது ஆப்ப சோடா அல்ல. ஆப்ப சோடா மிதமானது, இந்த வேலைக்குப் போதாது. லிட்டருக்கு 500 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள 15 லிட்டர் வாளிக்கு, தூளாக இருக்கும் நீரற்ற வாஷிங் சோடா சுமார் 8 கிராம் தேவை. படிகக் கட்டியாக இருந்தால் அதில் நீரும் சேர்ந்திருப்பதால் 20 கிராமுக்கு மேல் ஆகும். கரைத்துக் கால் மணி நேரம் விட்டு, அப்புறம்தான் சோப்பைச் சேர்க்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் சோப்பு முந்திக்கொண்டு பிசுக்காகிவிடும். வாஷிங் சோடா நல்ல காரமுள்ளது, ஆகவே மஞ்சள் தாள் சிவப்பது நிற்கும் வரை அலச வேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, சோப்பையே விட்டுவிடுவது. வாசனை சேர்க்காத திரவ டிடர்ஜென்டோ பூந்திக்கொட்டை நீரோ கடினநீரில் பிசுக்காவதில்லை. டிடர்ஜென்ட் என்றாலே ரசாயனம், குழந்தைக்கு ஆகாது என்று பயப்படுகிறோம். ஆனால் கடினநீர் வீட்டில், அளவோடு போட்டு நன்றாக அலசிய வாசனையில்லாத டிடர்ஜென்ட், பிசுக்காகத் தங்கிவிடும் வீட்டுச் சோப்பைவிடக் குழந்தைக்கு நல்லது. இதை நான் தயங்காமல் சொல்வேன்.

ஏற்கெனவே விறைத்துப்போன துணிக்கு: ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீரில் மளிகைக் கடை எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) ஒரு தேக்கரண்டி கரைத்து அரை மணி நேரம் ஊறவையுங்கள். அப்புறம் கொஞ்சம் டிடர்ஜென்டில் துவைத்து, வெறும் தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். எலுமிச்சை உப்பையோ வினிகரையோ சோப்பு நீரிலேயே கலந்தால் சோப்பு உடைந்து எண்ணெய்ப் பசையாகத் துணியில் ஏறும். பிளீச்சிங் பவுடர் கரைசலோடு எந்த அமிலமும் சேரவே கூடாது, குளோரின் வாயு வரும். சிறுநீர் ஊறிய லங்கோட்டிலும் நேராகப் பிளீச் ஊற்றாதீர்கள். சிறுநீரில் இருக்கும் அம்மோனியா அதோடு சேர்ந்தாலும் நச்சு வாயுதான்.

நுரையே வரவில்லை, காய்ந்த துணியும் பிசுபிசுக்கிறது

வீராம்பட்டினம், வைத்திக்குப்பம், கடலூர் முதுநகர் என்று கடலை ஒட்டிய இடங்களில் இது உண்டு. தண்ணீரில் சாதாரண உப்பு அதிகமானால் சோப்பு கரையாமல் பிரிந்து மிதக்கும். துணியில் தங்கிய உப்பு இரவுக் காற்றின் ஈரத்தை இழுப்பதால், மாலையில் காய்ந்திருந்த சட்டை காலையில் ஈரம் போலத் தோன்றும்.

இங்கே தேங்காய் எண்ணெய் சோப்புக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. மற்ற எண்ணெய்ச் சோப்புகள் அடங்கிப்போகும் உப்புநீரிலும் அது ஓரளவு நுரைக்கும். கப்பல்களில் கடல்நீரில் குளிக்கத் தேங்காய் எண்ணெய் சோப்பைத்தான் கொண்டுபோனார்கள். ஆனால் துவைப்பது எதிலாக இருந்தாலும் கடைசி அலசல் நல்ல தண்ணீராக இருக்க வேண்டும். ஒரு குடம் நல்ல தண்ணீர்தான் இருக்கிறது என்றால் அதைத் துவைக்கச் செலவழிக்காமல் அலசுவதற்கு வையுங்கள்.

வெள்ளைத் துணி செம்மஞ்சளாகிறது

போர்வெல்லில் இரும்பு. குழாயிலிருந்து பிடிக்கும்போது தெளிவாக இருந்து, வாளியில் வைத்த கொஞ்ச நேரத்தில் சிவந்தால் அதுதான். பிளீச் போட்டால் கறை இன்னும் அழுந்தும். இரவு முழுக்கத் தண்ணீரை வைத்து, தெளிந்த மேல்நீரில் துவைக்கவும். பிடித்த கறைக்கு எலுமிச்சைச் சாறு பிழிந்து, ஊறவிட்டு அலசலாம். இரும்புச்சத்து சொட்டு மருந்து சிந்திய கறைக்கும் இதுவே.

துவைத்த பிறகும் எண்ணெய்ச் சிக்கு வாடை

தினமும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் வீடுகளில் முதுகுத் துணியிலும் தூளிப் புடவையிலும் எண்ணெய் இறங்கி, நாள்பட்டுச் சிக்கெடுக்கும். குளிர்ந்த தண்ணீரில் பூந்திக்கொட்டை போட்டு இதை எடுக்க முடியாது. முதலில் காய்ந்த துணியிலேயே எண்ணெய் பட்ட இடத்தில் சோப்பையோ திரவ டிடர்ஜென்டையோ தேய்த்துப் பத்து நிமிடம் விட்டு, பிறகு கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் துவையுங்கள். ஒரே தடவையில் போகாவிட்டால் மறுபடியும் செய்யலாம். வாடையை மறைக்க வாசனைக் கண்டிஷனர் ஊற்றாதீர்கள். அது துணியின் உறிஞ்சும் தன்மையைக் குறைக்கும், அதன் வாசனைப் பொருட்கள் சில குழந்தைகளின் தோலுக்கு ஒத்துக்கொள்ளாது.

கறை சிவப்பாக மாறிவிட்டது

மஞ்சள் பூசிய கையால் தொட்ட இடம், சோப்புப் பட்டதும் செங்கல் நிறமாகும். பயப்பட ஒன்றுமில்லை. காரம் பட்டால் மஞ்சளின் குணம் அது. அலசினால் மறுபடி மஞ்சளாகும், இரண்டு மூன்று நாள் வெயிலில் வெளுத்துப் போகும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் மஞ்சள் மலக் கறையும் அப்படித்தான்: உடனே குளிர்ந்த தண்ணீரில் அலசி, சோப்புப் போட்டு, ஈரத்தோடு நல்ல வெயிலில் விரித்தால் போய்விடும். பால் கறையை முதலிலேயே வெந்நீரில் போட்டால் புரதம் இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

மழைக்காலத்தில் துணி நாறுகிறது

அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் ஊரில் சோப்பைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. துணி காய்வதற்கே நேரமாகிறது, அதற்குள் கிருமி பெருகுகிறது. நன்றாகப் பிழிந்து, ஒன்றின் மேல் ஒன்று படாமல் மின்விசிறிக்குக் கீழே கொடியில் போட்டு, லேசான ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போடுங்கள். கிருமிநாசினித் திரவத்தை ஒரு மூடி ஊற்றும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. நலமாக இருக்கும் குழந்தையின் துணிக்கு அது தேவையில்லை, தோலை எரிக்கவும் செய்யும். தொற்று இருக்கிறது என்று மருத்துவர் சொன்னால் பருத்தித் துணியைக் கொதிநீரில் போட்டு எடுங்கள்.

வீட்டில் செய்த சோப்பில் வரும் கோளாறுகள்

பாட்டில் சோதனையில் மென்னீர் என்று வந்த வீடுகளுக்கு மட்டும்தான் இது. மழைநீரோ நல்ல குழாய்நீரோ இருந்தால், வீட்டில் செய்த தேங்காய் எண்ணெய் சோப்பு குழந்தைத் துணிக்கு அருமையானது. வாசனையோ நிறமோ வெளுப்பூட்டியோ எதுவும் இல்லாமல், என்ன போட்டோம் என்று முழுக்கத் தெரிந்த சோப்பு.

ஆனால் காஸ்டிக் சோடா இல்லாமல் எண்ணெய் சோப்பாகாது, காஸ்டிக் சோடா தோலையும் கண்ணையும் அரிக்கும். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் அதைத் திறக்கவே வேண்டாம். குழந்தை பிறப்பதற்கு முன்பே, கர்ப்பிணி அல்லாத வேறொருவர், காற்றோட்டமான மாடியில் செய்து வைக்கட்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை அவசியம். எவர்சில்வர் பாத்திரம்தான் ஏற்றது. அலுமினியத்தைக் காஸ்டிக் அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். எப்போதும் தண்ணீரில் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். காஸ்டிக்கின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். சாக்கடை அடைப்புக்கு விற்கும் தூளில் அலுமினியத் துண்டுகள் கலந்திருக்கலாம், அதை வாங்காதீர்கள்.

அளவு: சுத்தமான தேங்காய் எண்ணெய் 500 கிராம், காஸ்டிக் சோடா 90 கிராம், ஆர்.ஓ. தண்ணீர் அல்லது மழைநீர் 180 கிராம். ஒரு கிராம் தேங்காய் எண்ணெய் முழுக்கச் சோப்பாக ஏறத்தாழ 0.183 கிராம் காஸ்டிக் வேண்டும். அதன்படி 91.5 கிராம் வருகிறது. 90 போட்டால் ஒன்றிரண்டு சதவீத எண்ணெய் மிஞ்சும், காரம் மிஞ்சாது. கடலை எண்ணெய்க்கும் நல்லெண்ணெய்க்கும் காஸ்டிக் கணக்கு வேறு, மிகவும் குறைவு. அதே 90 கிராமை அதில் போட்டால் காரம் மிஞ்சிவிடும். டம்ளர் அளவு, கண்ணளவு கூடாது. ஒரு கிராம் காட்டும் தராசு இல்லையென்றால் செய்யாமல் இருப்பதே நல்லது. காஸ்டிக் கரைசலும் எண்ணெயும் சுமார் 40 டிகிரிக்கு ஆறியதும் சேர்த்துக் கலக்கி, தோசை மாவுப் பதம் வந்ததும் அச்சில் ஊற்றுங்கள். கையுறையோடு சில மணி நேரத்திலேயே வெட்டி, காற்றோட்டமாக நான்கு வாரம் வையுங்கள். துவைக்கும்போது ஒரு மேசைக்கரண்டி சீவலை வெந்நீரில் கரைத்து வாளியில் சேருங்கள்.

இனி கோளாறுகள். மேலே மெல்லிய வெள்ளைப் பொடி படர்ந்திருந்தால், காற்றிலுள்ள கரியமில வாயு பட்டு உண்டான சோடா சாம்பல் அது. சீவி எடுத்துவிட்டுப் பயன்படுத்தலாம். வெட்டும்போது உள்ளே வெள்ளைக் கற்களோ நீர் நிறைந்த குழிகளோ தெரிந்தால் கரையாத காஸ்டிக். மொத்தத்தையும் ஒதுக்கிவிடுங்கள், இவ்வளவு எண்ணெய் போயிற்றே என்று குழந்தைத் துணிக்குத் துணிய வேண்டாம். எண்ணெய் தனியாக மேலே நின்றால் கலக்கியது போதவில்லை. அப்படிப் பிரிந்த சோப்பின் அடிப்பகுதியில் காரம் கூடியிருக்கும், ஆகவே அதுவும் வேண்டாம். உதிர்ந்து உதிர்ந்து உடைந்தால் தாமதமாக வெட்டியது காரணமாக இருக்கலாம், காரம் மிஞ்சியதும் காரணமாக இருக்கலாம். காரத்தின் அளவைக் காட்டும் பி.எச். தாளில் பாருங்கள். நான்கு வாரம் ஆறிய சோப்பின் கரைசல் 9க்கும் 10.5க்கும் இடையில் நிற்கும். 11ஐத் தாண்டினால் தூக்கிப் போடுங்கள். இதற்கு மஞ்சள் தாள் உதவாது, எந்தச் சோப்பும் அதைச் சிவக்க வைக்கும். நாக்கில் தொட்டுப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

சோப்பு வியர்ப்பது நம் கடற்கரை ஈரத்தால். சோப்போடு உண்டாகும் கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுக்கிறது. துடைத்து வைத்தால் சரி. ஆரஞ்சுப் புள்ளிகளும் சிக்கு வாடையும் வந்தால் மிஞ்சிய எண்ணெய் கெட்டுவிட்டது. அதைத் தரை கழுவ வைத்துக்கொள்ளலாம்.

காஸ்டிக் தோலிலோ கண்ணிலோ பட்டால் வினிகர் தேடாதீர்கள். ஓடும் தண்ணீரில் 20 நிமிடமாவது கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவிய கையோடு மருத்துவமனைக்கு. குழந்தை வாயில் வைத்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உடனே 108ஐ அழையுங்கள்.

சோப்புச் சீவலோடு வெண்காரம் கலக்கச் சொல்லும் குறிப்புகளும் நிறைய சுற்றுகின்றன. வெண்காரம் வாய்க்குள் போனால் கைக்குழந்தைக்கு நஞ்சு. வீட்டிலேயே வேண்டாம்.

பூந்திக்கொட்டை நீர் நுரைக்கவில்லை, வெள்ளையில் பழுப்பு ஏறுகிறது

நுரை குறைவாக இருப்பது அதன் இயல்பு. நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய கொட்டையில் விதையை நீக்கிவிட்டு, பத்துத் தோலை ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, இருபது நிமிடம் கொதிக்கவைத்து வடிகட்டுங்கள். பழுப்பு ஏறினால் கரைசல் திக்காகிவிட்டது, தண்ணீர் சேருங்கள். புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். வெளியில் இரண்டு நாளைக்கு மேல் நிற்காது. கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், குழந்தை குடித்தாலும் ஆகாது, எட்டாத உயரத்தில் வையுங்கள். மீன்களுக்கு இது நஞ்சு என்பதால் குளத்துப் பக்கமோ கிணற்றுப் பக்கமோ ஊற்ற வேண்டாம்.

கடையில் வாங்கும்போது எதை நம்புவது

முன்பக்கத்துக் குழந்தைப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். வாசனைப் பொருள், நிறம், வெளுப்பூட்டி இல்லாதது எதுவோ அது போதும். 'வாசனை தெரியாது' என்பதும் 'வாசனை சேர்க்கவில்லை' என்பதும் வேறு. முன்னதில் ஒரு வாடையை மறைக்க இன்னொரு வாசனையைச் சேர்த்திருக்கலாம். திரவங்களில் கெடாமல் இருக்கச் சேர்க்கும் மெத்தில்ஐசோதயாசோலினோன் பலருக்குத் தோல் ஒவ்வாமை தருகிறது, அது இல்லாததைத் தேடுங்கள். புதுத் துணி எதுவானாலும் ஒருமுறை துவைத்த பிறகே குழந்தைக்கு.

பீரோவிலிருந்து எடுத்த துணியில் பாச்சை உருண்டை வாடை

இதை மட்டும் யாரும் கடந்து போய்விடக் கூடாது. பாட்டியின் பழைய நூல் புடவையையும் தாத்தாவின் வேட்டியையும் கிழித்துக் குழந்தைக்கு விரிப்பது நம் வழக்கம். நல்ல வழக்கம்தான், துவைத்துத் துவைத்து மெத்தென்றான பருத்திக்கு ஈடில்லை. ஆனால் அந்தத் துணி நாப்தலீன் உருண்டையோடு பெட்டியில் கிடந்திருந்தால் அதன் ஆவி குழந்தையின் மூச்சிலும் தோலிலும் ஏறும். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைந்த குழந்தைகளுக்கு இது சிவப்பணுக்களை உடைத்துக் கடும் மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும். உயிரிழப்பும் நடந்திருக்கிறது. குறைபாடு இருப்பது பெரும்பாலும் வெளியே தெரியாது. அதனால் வாடை வரும் துணியைத் துவைத்துவிட்டுப் போடலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பதே என் பதில். வேறு துணி எடுங்கள். குழந்தைத் துணி வைக்கும் அலமாரியில் உருண்டையே இருக்கக் கூடாது, காய்ந்த வேப்பிலையைத் துணிப்பையில் கட்டிப் போடுங்கள். ஏற்கெனவே அப்படிப்பட்ட துணியில் படுத்த குழந்தையின் கண்ணோ தோலோ மஞ்சளித்தாலும், வெளிறிச் சோர்ந்தாலும், சிறுநீர் அடர்நிறமானாலும் உடனே மருத்துவரிடம் போய், பாச்சை உருண்டை விஷயத்தையும் மறக்காமல் சொல்லுங்கள்.

துவைப்பவரின் கை வெடிக்கிறது

பிள்ளை பெற்றவளோ அவள் அம்மாவோதான் நாளுக்கு இத்தனை துணி துவைக்கிறார்கள், அவர்கள் கையையும் பார்க்க வேண்டும். விரலிடுக்கு சிவந்து எரிந்தால் கரைசல் காட்டமாக இருக்கிறது என்று அர்த்தம். சோப்பையும் சோடாவையும் குறையுங்கள், உள்ளே பருத்தி வைத்த ரப்பர் கையுறை போடுங்கள், துவைத்து முடித்ததும் நல்ல தண்ணீரில் கை கழுவித் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். வெடிப்பு ஆறும்வரை அந்த வாளியை வீட்டில் வேறு யாராவது எடுத்துக்கொள்ளட்டும்.